ஃபால்கோவா டெட்ராகனா என்று கேட்பதற்கு முன்னால், கொக்கி எங்கே மாட்டுகிறது என்று பார்ப்போம்

முதலில் பெயர்கள். கன்டெய்னர் என்பது ஒரு புரோகிராமைத் தேவையான கோப்புகளோடு தனியாக அடைத்து ஓட்டுகிற டப்பா, இமேஜ் அதன் அச்சு, குபர்நெட்டிஸ் அவற்றைப் பல கணினிகளில் (நோடுகளில்) ஓட்டி மேய்க்கிற மென்பொருள். ஃபால்கோ, டெட்ராகன், கியூப்ஆர்மர் மூன்றும், கன்டெய்னர் ஓடும்போது என்ன செய்கிறது என்று கண்காணிக்கிற கருவிகள். கேள்வி இது: “எங்கள் குபர்நெட்டிஸ் கிளஸ்டரில் முப்பது சொச்சம் சர்வீஸ் ஓடுகிறது. இமேஜ் ஸ்கேன் பைப்லைனிலேயே நடந்துவிடுகிறது. மூன்று மாதம் முன்பு ஃபால்கோ போட்டோம். அலர்ட் கொட்டுகிறது, யாரும் படிப்பதில்லை. பார்த்துச் சொல்வதோடு நிற்காமல் தடுக்கவும் செய்கிற டெட்ராகனுக்கோ கியூப்ஆர்மருக்கோ மாறிவிடலாம் என்கிறார் மேனேஜர். எதை எடுக்கலாம்?”

மாறலாம். ஆனால் மாறுவதால் அலர்ட் குறையாது. இன்று யாரும் படிக்காத அலர்ட்டை அனுப்பிக்கொண்டிருக்கும் அதே விதிகள் நாளைக்குப் புரோசெஸைக் கொல்லத் தொடங்கும், அவ்வளவுதான். அதனால் கருவியின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். கெர்னலுக்குள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்துக்குள், எந்த இடத்தில் கொக்கி போட்டுப் பார்க்கிறது? பார்த்த பிறகு என்ன செய்கிறது? மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

கெர்னல் ஏன் என்பதை முதலில் முடித்துவிடுவோம். இமேஜ் ஸ்கேன் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும்; ஓடும்போது அது என்ன செய்கிறது என்று சொல்லாது. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் (ஜாவாவின் லாக்4ஜே நூலகத்தில் இருந்த ஓட்டை) வந்தபோது, முந்தைய வாரம் வரை எந்தப் புகாரும் இல்லாமல் ஸ்கேனைத் தாண்டிய ஜாவா இமேஜ்கள்தான் ஒரே ஒரு லாக் வரியால் ஏமாந்து வெளியிலிருந்து நிரலை (code) இறக்கி ஓட்டின. ஓடுகிற நேரத்தில் பார்க்க வேண்டுமானால் எங்கே நின்று பார்ப்பது? கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். நேம்ஸ்பேஸ் என்கிற தட்டியால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை. யாருக்கு எத்தனை குடம் (எவ்வளவு மெமரி, சிபியு) என்பதை சிகுரூப் பார்த்துக்கொள்கிறது. கிணறு மட்டும் ஒன்றுதான். அந்தக் கிணறு ஹோஸ்டின் கெர்னல். கோப்பைத் திறக்க, நெட்வொர்க்கில் போக, இன்னொரு புரோகிராமை ஓட்ட, யாராக இருந்தாலும் கிணற்றடிக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே ஒரு ஆளை நிறுத்தினால் போதும், முப்பது சர்வீஸுக்குள்ளும் தனித்தனியாக ஏஜென்ட் வைக்க வேண்டியதில்லை. 2014-இல் கெர்னல் 3.18-உடன் வெளியில் வந்த ஈபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு புரோகிராம்களை ஏற்றி ஓட்டும் வசதி), அந்த ஆளை கெர்னல் மாட்யூல் எழுதாமலேயே நிறுத்த வழி செய்தது.

சரி, கிணற்றடியில் எங்கே நிற்பது? விஷயமே இங்கேதான்.

ஒரு இடம் வாசல்: சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் ஒரு வேலை கேட்கிற அழைப்பு) நுழைகிற, வெளியேறுகிற புள்ளி. ஃபால்கோ பெரும்பாலும் இங்கே நிற்கிறது. எல்லாம் கண்ணில் படும், எழுதுவதும் சுலபம். ஆனால் வாசலில் தெரிவது, புரோகிராம் என்ன கேட்டது என்பதுதான். அது கேட்பது ஒரு பாயின்டர் (மெமரியில் ஒரு இடத்தின் முகவரி) வழியாக. கோப்பின் பெயர் புரோகிராமின் சொந்த மெமரியில் கிடக்கிறது. கெர்னல் அதைத் தன் பங்குக்கு ஒரு தடவை எடுத்துப் படிக்கிறது, கண்காணிப்பவர் தன் பங்குக்கு இன்னொரு தடவை படிக்கிறார். அபார்ட்மென்ட் காவலாளி பார்வையாளர் சீட்டைப் பார்த்து நோட்டில் பெயர் எழுதிக்கொள்கிறார், ஆனால் சீட்டு வந்தவர் கையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டுக்குப் போகிற வழியில் பெயரை அழித்து வேறு பெயர் எழுதினால் காவலாளி நோட்டில் ஒரு பெயர், மேலே போனது வேறு ஆள். 2021-இல் டெஃப்கான் மாநாட்டில் ரெக்ஸ் குவோவும் ஜுன்யுவான் ஜெங்கும் ‘ஃபேன்டம் அட்டாக்’ என்று செய்து காட்டியது இதைத்தான். அதே புரோகிராமின் இன்னொரு திரெட் (கூடவே ஓடும் வேலை இழை), இரண்டு வாசிப்புக்கும் நடுவே பெயரை மாற்றிவிடுகிறது. ஃபால்கோவுக்கு இதற்காக ஒரு சிவிஇ எண்ணே (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் அடையாள எண்) பதிவாயிற்று. இந்தச் சந்து எப்போதும் எளிதாகக் கிடைத்துவிடாது. ஆனால் வாசலில் படித்த பெயரை நம்பித் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்தக் கதை நினைவுக்கு வர வேண்டும்.

இரண்டாவது இடம் உள்ளே: எல்எஸ்எம் (லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்) கொக்கிகள். லினக்ஸின் அனுமதிக் காவலர்களான எஸ்இலினக்ஸும் ஆப்ஆர்மரும் பல வருடங்களாக வேலை செய்கிற இடம் இதுவே. இந்தப் புள்ளிக்கு வரும்போது கெர்னல் பெயரைத் தன் மெமரிக்கு எடுத்துக்கொண்டு, சிம்லிங்கை (வேறு கோப்பைக் காட்டும் குறுக்குவழியை) எல்லாம் அவிழ்த்து, எந்தக் கோப்பு என்று முடிவு செய்துவிட்டது. சீட்டு கெர்னல் கைக்கு வந்தாயிற்று, அழித்து எழுத முடியாது. “திறக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறது; இங்கே மறுத்தால் புரோகிராமுக்கு ‘அனுமதி இல்லை’ என்ற பிழை போகும், செயல் நடக்கவே நடக்காது. முன்பெல்லாம் இந்த இடத்தில் வேலை செய்ய எஸ்இலினக்ஸ் பாலிசி எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பாக்கியம் பலருக்கு இல்லை. 2020-இல் கெர்னல் 5.7-இல், கூகுளின் கே.பி. சிங் முன்னெடுத்த பிபிஎஃப்-எல்எஸ்எம் சேர்ந்தது. அதிலிருந்து ஈபிபிஎஃப் புரோகிராமையே இந்தக் கொக்கியில் மாட்டலாம். கியூப்ஆர்மர் தடுப்புக்கு நம்புவது இதை, இது இல்லாத நோடில் ஆப்ஆர்மரை.

டெட்ராகன் இரண்டுக்கும் நடுவில் நெகிழ்வாக நிற்கிறது. ஐசோவேலன்ட் என்ற நிறுவனம் அதை 2022-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. அந்த நிறுவனம் பிறகு சிஸ்கோ கைக்குப் போனது. எந்த கெர்னல் ஃபங்ஷனில் கொக்கி போடுவது என்பதை நீங்களே எழுதலாம், வாசலிலும் போடலாம், ஆழத்திலும் போடலாம். கத்தி மாதிரிதான், கூர்மை அதிகம், பிடிக்கத் தெரிய வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி, பார்த்த பிறகு என்ன? ஃபால்கோ நிகழ்வை ரிங் பஃபர் என்ற தற்காலிக வரிசை வழியாக யூசர்ஸ்பேஸுக்கு (கெர்னலுக்கு வெளியே, சாதாரணப் புரோகிராம்கள் ஓடும் இடத்துக்கு) கொண்டுவந்து, விதியோடு ஒப்பிட்டு, அலர்ட் அனுப்புகிறது. அலர்ட்டைக் கேட்டு, பாடு (pod, குபர்நெட்டிஸ் கன்டெய்னரை வைத்து ஓட்டுகிற அலகு) ஒன்றையே அழிக்கிற துணைக்கருவிகள் உண்டு. ஆனால் அந்த நேரத்துக்குள் சர்வீஸ் அக்கவுன்ட் டோக்கன் (குபர்நெட்டிஸ் ஏபிஐக்குள் நுழைகிற சாவி) படிக்கப்பட்டு வெளியே போயிருக்கும். அப்படி அழித்தால் தடயமும் போகும். டெட்ராகன் கெர்னலுக்குள்ளிருந்தே சிக்-கில் (உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பிப் புரோசெஸை அந்தக் கணத்தில் கொல்லும். இது வேகம்தான், ஆனால் ‘தடுத்தது’ என்று எழுதிக்கொள்வதற்கு முன் அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிற எச்சரிக்கையைப் படியுங்கள்: ஒரு ரைட் (கோப்பில் எழுதும் செயல்) நடுவே சிக்-கில் விழுந்தால் புரோசெஸ் செத்துவிடும் என்பது உறுதி, அந்த பைட்டுகள் கோப்பில் விழாமல் இருக்கும் என்பது உறுதி இல்லை. செயலை நடக்கவே விடாமல் இருக்க வேண்டுமானால் பிழையைத் திருப்பி அனுப்புகிற வழியைச் சேர்க்க வேண்டும், அதற்குக் கெர்னல் கட்டமைப்பின் ஒத்துழைப்பும் வேண்டும்.

என் கணக்கில் இன்னொரு வித்தியாசமும் உண்டு, இதை யாரும் ஒப்பீட்டு அட்டவணையில் போடுவதில்லை. ‘அனுமதி இல்லை’ என்ற பிழை வந்தால் நல்ல புரோகிராம் லாகில் ஒரு வரி எழுதும், டெவலப்பருக்குப் புரியும். சிக்-கில் வந்தால் புரோகிராமுக்கு வாய் திறக்க நேரமில்லை. ஏன் செத்தது என்று வெளியிலிருந்துதான் தேட வேண்டும்.

அந்தத் தேடலை நான் ஒரு ராத்திரி செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், ‘கன்டெய்னருக்குள் ஷெல் ஓடக் கூடாது, ஓடினால் கொல்’ என்று ஒரு பாலிசி போட்டோம். மதியம் மூன்று மணிக்குப் போட்டது. ஒன்றும் ஆகவில்லை, யாரோ சோதனைக்கு உள்ளே ஷெல் திறந்து பார்த்தார், உடனே செத்தது, கைதட்டல். சாயந்திரம் டிராஃபிக் ஏறியது, ஆட்டோஸ்கேலர் புதுப் பாடுகளை எழுப்பியது, எழுந்த ஒவ்வொன்றும் எழுந்த வேகத்தில் விழுந்தது. எக்சிட் கோட் 137. அந்த எண்ணைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நினைப்பு, மெமரி போதவில்லை. லிமிட்டை இரட்டிப்பாக்கினார்கள், பிறகு அதையும் இரட்டிப்பாக்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒருவர் காரணம் என்ற இடத்தைக் கவனித்தார்: ‘ஓஓஎம் கில்டு’ (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டது) என்று இல்லை, வெறும் ‘எரர்’ என்று இருந்தது. 137 என்பது 128 கூட்டல் 9, ஒன்பதாம் எண் சிக்னல். மெமரி தீர்ந்தால்தான் வர வேண்டும் என்றில்லை. அந்த சர்வீஸின் என்ட்ரிபாயின்ட், அதாவது கன்டெய்னர் எழுந்ததும் முதலில் ஓடுவது, ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட், நாலு வேரியபிளை ஏற்றிவிட்டு ஜாவாவைக் கிளப்புவது. மதியத்துக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த பாடுகள் அந்த ஸ்கிரிப்டைத் தாண்டிவிட்டதால் பிழைத்தன. பாலிசி எழுதியவர்களில் நானும் ஒருவன், என்ட்ரிபாயின்ட் என்ன என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டியபோது, ஈபிபிஎஃப்பில் இப்படி நடக்காது, ஏற்றும் முன் சோதிக்கிற வெரிஃபையர் இருக்கிறது என்று எங்கள் வட்டத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். வெரிஃபையர் காப்பாற்றுவது கெர்னலை. உங்கள் பில்லிங் சர்வீஸை அது காப்பாற்றாது. தப்பான மெமரியைத் தொடுகிற, முடிவே இல்லாமல் சுற்றுகிற புரோகிராமை அது ஏற்றாது. ‘எல்லா ஷெல்லையும் கொல்’ என்பது அதன் பார்வையில் மிக ஒழுங்கான புரோகிராம்.

அப்புறம், காசு செலவில்லாத பூட்டுகளைப் பூட்டிவிட்டீர்களா என்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செக்காம்ப் (தேவையில்லாத சிஸ்டம் கால்களை அடைக்கும் கெர்னல் வடிகட்டி) எத்தனை பாடுக்கு இருக்கிறது? கன்டெய்னர் ஓட்டும் மென்பொருளான டாக்கரின் இயல்பான செக்காம்ப் புரொஃபைல், முந்நூறுக்கு மேற்பட்ட சிஸ்டம் கால்களில் சுமார் 44-ஐ அடைக்கிறது. குபர்நெட்டிஸோ, நீங்கள் கேட்காதவரை எதையும் அடைக்காமல் விடுகிறது. 2022 ஜனவரியில் வந்த சிவிஇ-2022-0185 இதற்கு நல்ல உதாரணம். கெர்னலின் ஃபைல்சிஸ்டம் பகுதியில் ஹீப் (மெமரி) பிழை. அதைத் தொட, சிறப்பு அனுமதி இல்லாத புரோசெஸ் முதலில் அன்ஷேர் என்ற சிஸ்டம் காலால் தனக்கென்று ஒரு யூசர் நேம்ஸ்பேஸை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். டாக்கரின் புரொஃபைல் அந்த அழைப்பை ஏற்கெனவே அடைத்திருந்தது. அதே கன்டெய்னர் குபர்நெட்டிஸில் செக்காம்ப் இல்லாமல் ஓடினால் வழி திறந்து கிடந்தது. ஒவ்வொரு நோடிலும் ஓடுகிற குபர்நெட்டிஸ் ஏஜென்டான கூப்லெட்டில் எல்லாப் பாடுக்கும் ரன்டைம் டிஃபால்ட் புரொஃபைலைப் போடுகிற வசதி 1.27 பதிப்பில் நிலைபெற்றது, ஆனாலும் அதை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். செக்காம்புக்கு ஒரு குறை உண்டு: அது பாயின்டருக்குப் பின்னால் எட்டிப் பார்க்காது, அதனால் ‘இந்தக் கோப்பைத் திறக்காதே’ என்று அதற்குச் சொல்ல முடியாது. அந்தப் பார்வைக் குறைதான் அதை ஃபேன்டம் மாதிரி ஏமாற்று வேலையிலிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

இனி உங்கள் அலர்ட் வெள்ளம். ‘கன்டெய்னரில் ஷெல்’, ‘பாக்கேஜ் மேனேஜர் ஓடியது’, ‘கர்ல் ஓடியது’ மாதிரி பெயரை வைத்துப் பிடிக்கிற விதிகள்தான் பெரும்பாலும் சத்தம் போடும். பெயரைப் பிடித்து என்ன செய்ய, பைனரியை வேறு பெயரில் காப்பி செய்தால் தீர்ந்தது. அவற்றை அணைத்துவிட்டு, ஃபால்கோவிலேயே இருக்கிற ஒரு விதியை மட்டும் முதலில் கவனியுங்கள்: இமேஜில் இல்லாத பைனரி கன்டெய்னரில் ஓடியதா என்று பார்ப்பது. கன்டெய்னரின் கோப்பு அமைப்பு ஓவர்லே. இமேஜ் கீழ் அடுக்கு, ஓடும்போது எழுதியதெல்லாம் மேல் அடுக்கு. எக்ஸெக் ஆன கோப்பு மேல் அடுக்கில் இருந்தால், அது நீங்கள் பில்ட் செய்து அனுப்பியது இல்லை. இவ்வளவுதான் தர்க்கம். கிரிப்டோ மைனர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள்: ஓட்டை வழியாக நுழை, டெம்ப்பில் (தற்காலிகக் கோப்புறையில்) ஒரு பைனரியை இறக்கு, ஓட்டு. ஒழுங்கான சர்வீஸில் இந்த அலர்ட் வருவதற்கு வேலையே இல்லை, அதனால் வந்தால் மனிதர் படிப்பார். இதற்கும் இரண்டு சந்து உண்டு. எம்ப்டிடிர் வால்யூமாக (பாடுக்குத் தரும் காலிச் சேமிப்பிடமாக) மாட்டிய டெம்ப், ஓவர்லேயில் இல்லை, ஹோஸ்டின் கோப்பு அமைப்பில் இருக்கிறது. அங்கிருந்து ஓடியதை ‘மேல் அடுக்கு’ என்று இந்த விதி சொல்லாது. மெம்எஃப்டி என்ற மெமரிக் கோப்பிலிருந்து டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டுவது இரண்டாவது. அதற்குத் தனி விதி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

அலர்ட் குறைந்ததும் டிராப் எண்ணிக்கையையும் பாருங்கள். பஃபர் நிறைந்தால் கெர்னல் காத்திருக்காது, நிகழ்வைக் கீழே போட்டுவிடும். லோடு அதிகமான நோடில், அதிகம் கவனிக்க வேண்டிய நேரத்தில்தான் இது நடக்கும். ஃபால்கோ இதைத் தானே எண்ணிச் சொல்கிறது, ஆனால் அந்த மெட்ரிக்கை டாஷ்போர்டில் வைத்திருக்கும் குழுக்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாசலில் நிற்பதன் இன்னொரு பலவீனம் ஐஓ-யூரிங். 2019-இல் கெர்னல் 5.1-இல் வந்தது. வேலைகளை ஒரு பகிர்ந்த வரிசையில் எழுதிப் போட்டால் கெர்னல் எடுத்துச் செய்துகொள்ளும். ஓப்பன், ரீட், கனெக்ட் என்று தனித்தனியாக வாசலுக்கு வருவதில்லை, பின்பக்கக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். 2025 ஏப்ரலில் ஆர்மோ நிறுவனம், முழுக்க இதன் வழியாகவே இயங்கும் ‘க்யூரிங்’ என்ற மாதிரி ரூட்கிட்டை (ஒளிந்து இயங்கும் தீம்பொருளை) வெளியிட்டது, சிஸ்டம் கால் வாசலை மட்டும் பார்த்த கருவிகளுக்கு அது தெரியவில்லை. எல்எஸ்எம் கொக்கிக்கு இது ஒளியாது, எந்த வழியாக வந்தாலும் அனுமதி கேட்கிற இடம் ஒன்றுதான். அதற்காக எல்லோரும் அங்கே ஓட வேண்டும் என்றில்லை. உங்கள் சர்வீஸ்களுக்கு ஐஓ-யூரிங் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. டாக்கரின் இயல்பான செக்காம்ப் புரொஃபைலே 25-ஆம் பதிப்பிலிருந்து அதை அடைத்துவிட்டது. மேலே சொன்ன பூட்டு இங்கேயும் வேலை செய்கிறது.

சூழலையும் பாருங்கள். /சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/எல்எஸ்எம் கோப்பை நோடில் திறந்தால் ஒரே வரி இருக்கும். அதில் பிபிஎஃப் என்ற பெயர் இல்லை என்றால் கெர்னல் எவ்வளவு புதியதாக இருந்தாலும் அந்தக் கொக்கி வேலை செய்யாது, பூட் பாராமீட்டரை மாற்ற வேண்டும். அமேசானின் ஃபார்கேட் மாதிரி நோடே உங்களிடம் இல்லாத இடத்தில் இந்தக் கருவிகளை டீமன்செட்டாக (நோடுக்கு ஒன்றாக) ஓட்ட முடியாது. ஜிவைசர் என்ற கூடுதல் தடுப்பு அடுக்கு போட்ட பாடுகளில் கன்டெய்னர் பேசுவது யூசர்ஸ்பேஸில் ஓடுகிற தனிக் கெர்னலோடு, அதனால் ஹோஸ்டில் நிற்கும் கொக்கிக்குத் தெரிவது ஜிவைசரின் சொந்த நடமாட்டம்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று ஜிவைசரிடமே கேட்டு வாங்க வேண்டும். 

மேனேஜரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: கெர்னல் ஓட்டை விஷயத்தில் எந்தக் கொக்கியும் உறுதி தராது. 2022 மார்ச்சில் மேக்ஸ் கெல்லர்மன் வெளியிட்ட டர்ட்டி பைப் என்ற கெர்னல் ஓட்டையில், படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் பேஜ் கேஷில் (மெமரியில் இருக்கும் நகலில்) எழுத முடிந்தது. அங்கே எல்எஸ்எம்மிடம் கேட்கப்பட்டது ஒரு கோப்பைப் படிக்கலாமா, ஒரு பைப்பில் எழுதலாமா என்பது மட்டும். இரண்டும் நியாயமான கேள்விகள், இரண்டுக்கும் சம்மதம் கிடைத்தது. கோப்பில் எழுதலாமா என்று யாரும் யாரையும் கேட்கவே இல்லை. அங்கே மருந்து கெர்னலைப் பேட்ச் செய்வது. நோடில் ரூட் கிடைத்தவர் உங்கள் ஏஜென்டை அணைத்துவிட்டும் போவார், அதனால் நிகழ்வுகள் நோடில் தங்காமல் உடனுக்குடன் வெளியே போய்விட வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஃபால்கோவைக் கழற்ற மாட்டேன், விதிகளைக் கழற்றிவிடுவேன். ஐந்தாறு மட்டும் மிஞ்சும். செக்காம்ப் டிஃபால்ட், ரூட் இல்லாத யூசர், எழுத முடியாத ரூட் ஃபைல்சிஸ்டம் மூன்றையும் முப்பது சர்வீஸுக்கும் போட்டு முடிப்பேன், அதற்கே ஒரு மாதம் ஆகும். அதற்குள் நோடில் பிபிஎஃப்-எல்எஸ்எம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால், தடுப்புக்கு கியூப்ஆர்மரை ஒரே ஒரு சர்வீஸில், ஒரே ஒரு விதியோடு: சர்வீஸ் அக்கவுன்ட் டோக்கன் கோப்பை மெயின் பைனரியைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. குபர்நெட்டிஸ் ஏபிஐயோடு பேசாத சர்வீஸ் என்றால் விதியே வேண்டாம், டோக்கனை மவுன்ட் செய்யாமல் விட்டாலே போதும். விதியை முதலில் ஆடிட் நிலையில், குறைந்தது ஒரு ரிலீசும் ஒரு ஆட்டோஸ்கேலும் ஒரு மாதக் கடைசித் தொகுப்பு (batch) வேலையும் அதன் வழியாகப் போகிற வரை விட்டுவைப்பேன். வெள்ளிக்கிழமை பிளாக் நிலைக்கு மாற்ற மாட்டேன்.